வீடு வாங்குவோரும் வீண் செலவும்



"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன மொழி. கட்டிய வீட்டை விலைகொடுத்து வாங்குவோருக்கு அத்தனை பாடு இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். பேசிய விலையை எண்ணிக்கொடுத்தால் திறவுகோல் கைக்கு வந்துவிடும் என்பது அவர்களது நினைப்பு. ஆனால், விலைப்பணத்தைச் சேர்த்து முடித்த பின்னரே, அதன் பின்னால் வரிசையாக நிற்கும் மற்றைச் செலவுகள் கண்ணுக்குப் புலப்படும். முத்திரைத் தீர்வை ஒரு பக்கம், நொத்தாரிசின் கூலி ஒரு பக்கம், தரகர், நில அளவையாளர், வங்கி, காணிப் பதிவகம் என்று ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்குக் கைநீட்டுவர். இச்செலவுகளுள் எவற்றைக் குறைக்கலாம், எவற்றைக் குறைக்கவே கூடாது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

முதலில் என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தாயாரின் தம்பி ஒருவர் ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர். அவரை நாங்கள் அம்மான் என்போம். ஊசிக்கும் நூலுக்கும் கணக்கெழுதி வைக்கும் சிக்கனக்காரர். ஓய்வூதியக் கொடையாகக் கிடைத்த பணத்தைக் கொண்டு யாழ்ப்பாண நகருக்கு அருகே வளவோடு கூடிய ஒரு சிறு வீட்டை வாங்கினார். உறுதி முடிந்தது. முத்திரைச் செலவும் கொடுத்தாயிற்று. "உறுதியைப் பதிவுசெய்ய இன்னுங் கொஞ்சப் பணம் வேண்டும்" என்று நொத்தாரிசின் எழுதுவினைஞர் கேட்டபோது அம்மான் மறுத்துவிட்டார். "ஏன் அம்மான் பதியவில்லை?" என்று நான் கேட்டேன். "தம்பி, கையெழுத்து வைத்த உறுதி என் பெட்டிக்குள் இருக்கிறது. இனிப் பதிவு எதற்கு?" என்றார்.

விற்றவர் அதே வீட்டை ஏழு மாதம் கழித்து வேறொருவருக்கு விற்றார். வாங்கியவர் பதிவேட்டைத் தேடிப் பார்த்தார். அங்கே அம்மானின் பெயர் இல்லை. அவர் நல்லெண்ணத்தோடு பணங் கொடுத்து, உறுதி முடித்த கிழமையே பதிவும் செய்துவிட்டார். வழக்கு எட்டு ஆண்டுகள் நடந்தது. முடிவு என்னவாயிற்று என்பதைப் பின்னர் கூறுவேன். அதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொள்வது நன்று.

முன்னாளில் ஓலையில் உறுதி எழுதினார்கள். காணி விற்பனையை ஊரறியப் பறையறைந்து அறிவிக்கும் வழக்கமும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. பின்னர் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய மோசடித் தடைச் சட்டம் வந்தது. அசைவற்ற ஆதனத்தை விற்பதாயினும் ஈடுவைப்பதாயினும், அது எழுத்தில் இருத்தல் வேண்டும். ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே வேளையில் முன்னிருக்கக் கையொப்பமிடுதல் வேண்டும். இவ்வாறு அச்சட்டம் விதித்தது. வாய்ச்சொல்லும் பொய்ச்சாட்சியும் கொண்டு பிறர் காணியைக் கவரும் கேட்டைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆகவே நொத்தாரிசுக்குக் கொடுக்கும் கூலியை வெறும் எழுத்துக்கூலி என்று எண்ணுதல் தவறு. அது நம் உரிமைக்கு நாம் கட்டும் வேலி.

இனிச் செலவின் அளவைப் பார்ப்போம். கணக்கு எளிதாயிருக்கும்பொருட்டு, ஒரு கோடி ரூபா விலையுள்ள வீடொன்றை எடுத்துக்கொள்வோம். விற்பனை உறுதிக்கான முத்திரைத் தீர்வை மாகாணங்களுக்குரிய வரியாகும். வழக்கிலுள்ள விதிப்படி முதல் 100,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 3 வீதமும், எஞ்சிய தொகைக்கு நூற்றுக்கு 4 வீதமும் கொடுத்தல் வேண்டும். அதன்படி 3,000 ரூபாவும் 396,000 ரூபாவும் சேர்ந்து 399,000 ரூபாவாகும். தரகர் நூற்றுக்கு 3 வீதம் கேட்பாராயின் அது 300,000 ரூபா. நொத்தாரிசு நூற்றுக்கு ஒன்று கேட்பாராயின் அது 100,000 ரூபா. இம்மூன்றும் சேர்ந்து 799,000 ரூபா ஆகிறது. வங்கிச் செலவும் அளவைச் செலவும் இதற்குப் புறம்பு. ஒரு கோடி சேர்த்தவன் எட்டு இலட்சத்துக்குக் கடன்படுவது இவ்வாறுதான்.

இவற்றுள் பெரியது முத்திரைத் தீர்வை. இதைக் குறைக்கப் பலர் கையாளும் வழி, உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவது. ஒரு கோடிக்கு வாங்கிய வீட்டை 45 இலட்சத்துக்கு வாங்கியதாக எழுதினால் தீர்வை 179,000 ரூபாவாகக் குறையும். 220,000 ரூபா மிச்சம் என்று மனம் மகிழும். இந்த மகிழ்ச்சி நிலையானதன்று.

முதலாவது, இது சட்டத்துக்கு முரணானது. தீர்வை விதிக்கப்படுவது காணியின் உண்மையான சந்தைப் பெறுமதிக்கே. மாகாண இறைவரித் திணைக்களம் அப்பெறுமதியை மதிப்பிட்டு, குறைந்த தொகையையும் அதற்கு மேலான தண்டத்தையும் கேட்கலாம். இரண்டாவது, நாளை உரிமையில் குறை காணப்பட்டு விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், உறுதி 45 இலட்சம் என்றே சாட்சி சொல்லும். எஞ்சிய 55 இலட்சத்துக்கு நீங்கள் வேறு சாட்சி தேடி அலையவேண்டும். மூன்றாவது, நம் நாட்டில் நிலவும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றவர், அந்தக் காரணங் காட்டியே விற்பனையை நீக்கக் கோரி வழக்காட இடமுண்டு. உங்கள் பொய்க்கணக்கு அவர் கையில் ஆயுதமாகிவிடும். நான்காவது, மூலதன ஆதாய வரி 2018ஆம் ஆண்டு ஏப்பிரலிலிருந்து மீண்டும் நடைமுறைக்கு வந்துள்ளது. நீங்கள் இந்த வீட்டைப் பின்னொரு நாள் விற்கும்போது, வாங்கிய விலை 45 இலட்சமாகவே தோன்றும். பெறாத ஆதாயத்துக்கு வரி கட்டும் நிலை வரும். ஊசி போவதைப் பார்த்தவன் உலக்கை போவதைப் பாராத கதைதான் இது.

வேறுசிலர் விற்பனையை நன்கொடை என்று எழுதிவிடுவர். நன்கொடைக்குத் தீர்வை குறைவு என்பது உண்மை. முதல் 50,000 ரூபாவுக்கு 3 வீதம், எஞ்சியதற்கு 2 வீதம். ஒரு கோடிக்கு 200,500 ரூபாவோடு முடிந்துவிடும். ஆயினும், விலைகொடுத்து வாங்கியவர் நன்கொடை உறுதியைப் பெற்றுக்கொள்வாராயின் தமக்குரிய காவல்களை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றார். விற்றவர் உரிமைக்குப் பொறுப்பு நிற்றல் வேண்டும் என்பது விற்பனையின் இயல்பு. நன்கொடையில் அப்பொறுப்பு இல்லை. நன்கொடை பெற்றவர் நன்றிகெட்ட செயல் புரிந்தார் என்று காட்டி, கொடுத்தவர் அதை மீட்கவும் சட்டத்தில் இடமுண்டு. இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, பதிவினால் வரும் முன்னுரிமை பெறுமதி கொடுத்து வாங்கியவருக்கே உரியது. நன்கொடை பெற்றவருக்கு அது கிட்டாது.

அப்படியாயின் தீர்வையை நேர்மையாகக் குறைக்க வழியே இல்லையா? உண்டு. ஒரே ஆதனத்தை இருமுறை கைமாற்றாதிருப்பதே அவ்வழி. நம்மவர் வழக்கத்தை நோக்குங்கள். தகப்பன் தன் பெயரில் வீடு வாங்குவான். சில ஆண்டுகள் கழித்து மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுப்பான். வாங்கும்போது 399,000 ரூபா. கொடுக்கும்போது வீட்டின் பெறுமதி உயராதிருப்பினும் 200,500 ரூபா. நொத்தாரிசுக்கு இருமுறை கூலி. மகளுக்கென்றே வாங்குவதாயின் தொடக்கத்திலேயே மகளின் பெயரில் உறுதி முடிக்கலாம். இரண்டாவது செலவு முழுவதும் மிச்சமாகும். பெற்றோர் தம் வாழ்நாள் வரை அங்கிருக்க விரும்பினால், அவர்களது சீவிய உரித்தை அந்த உறுதியிலேயே எழுதும் வகையை நொத்தாரிசிடம் கேட்டறிதல் வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்குவோராயின் இருவர் பெயரையும் முதல் உறுதியிலேயே சேர்ப்பது இதனையொத்த சிக்கனம்.

இன்னொன்றும் உண்டு. தீர்வை அசைவற்ற ஆதனத்துக்கே உரியது. வீட்டோடு கட்டில், அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றையும் வாங்குவீர்களாயின், அவற்றின் நியாயமான விலையைத் தனியே பற்றுச்சீட்டெழுதிக் கொடுக்கலாம். நியாயமான விலை என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய நாற்காலிக்கு ஐந்து இலட்சம் போடுவது மேற்சொன்ன பொய்யின் இளைய சகோதரனே.

எஞ்சிய தீர்வையைக் கொடுக்கும்போது மனம் நோக வேண்டியதில்லை. அது மாகாணத்தின் வழியாக நகரசபை, பிரதேச சபைகளுக்குச் செல்வது. நாளை உங்கள் ஒழுங்கையிற் போடப்படும் மின்விளக்கிலும் அதன் ஒரு துளி இருக்கும்.

அடுத்து நொத்தாரிசின் கூலி. இதை விலையின் வீதத்தில் கேட்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஆனால் ஒரு கோடி வீட்டுக்கும் இரண்டு கோடி வீட்டுக்கும் உறுதி எழுதும் உழைப்பு இருமடங்காக வேறுபடுவதில்லை. ஆகவே வேலையைத் தொடங்குமுன் இரண்டு மூன்று சட்டத்தரணிகளிடம் சென்று, என்னென்ன வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு, முடிந்தால் மொத்தத் தொகையாகப் பேசிக்கொள்ளுதல் நன்று. அத்தொகையில் பதிவேட்டைத் தேடுவது அடங்குமா, உரிமை பற்றிய அறிக்கை அடங்குமா, பதிவுச் செலவு அடங்குமா, போக்குவரத்துச் செலவு அடங்குமா என்பவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படுவோர் கொடுக்கும்போது துக்கப்படுவர்.

கூலி குறைந்தவர் என்ற ஒரு காரணத்துக்காக விற்பவருடைய நொத்தாரிசையே உங்கள் நொத்தாரிசாகக் கொள்ளாதீர்கள். தீர்வையும் கூலியும் கொடுப்பவர் வாங்குபவரே ஆதலின், நொத்தாரிசைத் தெரிவுசெய்யும் வாய்ப்பையும் அவரே வைத்துக்கொள்ளுதல் முறை. மொழியையும் கவனியுங்கள். எந்த மொழியில் உறுதி எழுதலாம் என்பது நொத்தாரிசின் அதிகாரப் பத்திரத்திற் குறிக்கப்பட்டிருக்கும். தமிழில் எழுத அதிகாரம் பெற்றவர் கிடைப்பாராயின், நீங்கள் வாசித்து விளங்கிக்கொண்டே கையொப்பமிடலாம். பின்னர் மொழிபெயர்ப்புக்குச் செலவிட வேண்டியதும் இல்லை.

ஒரு நொத்தாரிசிடம் செல்லுமுன் நீங்களே செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு. விற்பவரிடமுள்ள முன்னைய உறுதிகள், நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டுகள், கட்டடத்துக்கு அனுமதி பெற்ற வரைபடம், அவ்வரைபடத்தின்படியே வீடு கட்டப்பட்டது என்னும் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைச் சேர்த்து, ஆண்டு வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். வீதி அகலிப்பில் வளவு அகப்படுமா என்பதை அறியும் வீதிக்கோட்டுச் சான்றிதழையும் உள்ளூராட்சி மன்றத்தில் நீங்களே விண்ணப்பித்துப் பெறலாம். ஆள்வைத்து அலைவிக்கும் செலவு இதனால் குறையும். அதைவிடப் பெரிய பயனும் உண்டு. எந்தக் கடதாசியைக் கேட்கும்போது விற்பவர் முகம் மாறுகிறது என்பதை நீங்கள் நேரிற் காணலாம்.

குறைக்கவே கூடாத செலவுகள் என்று மூன்றைச் சொல்வேன். பதிவேட்டுத் தேடுதல், நில அளவை, உறுதிப் பதிவு ஆகியவை அவை.

பதிவேட்டைத் தேடுவது என்பது, காணிப் பதிவகத்தில் அக்காணிக்குரிய பக்கங்களைப் பார்த்து, அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, ஈடு உண்டா, வழக்கு உண்டா, தடை உண்டா என்று அறிவது. முப்பது ஆண்டு வரலாற்றையேனும் பார்ப்பது சட்டத்தரணிகளின் வழக்கம். பக்கங்களின் பிரதியெடுக்கும் கட்டணம் வீட்டு விலையோடு ஒப்பிடும்போது தூசு. அந்தத் தூசைச் சேமிக்கப்போய், வங்கியொன்றுக்கு ஈடுவைத்த வீட்டை ஈட்டோடு வாங்கியவர்களும் உண்டு.

பதிவேடு மட்டும் போதாது. வீட்டில் இருப்பவர் யார் என்பதை நேரிற் சென்று பாருங்கள். விற்பவர் வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவம் கொடுத்திருப்பாராயின், அது பதியப்பட்டதா, நீக்கப்படாமலிருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்று உறுதிப்படுத்துங்கள். இறந்தவரின் ஆதனமாயின் மரணசாதன வழக்கு நடந்ததா, உரித்தாளிகள் எல்லோரும் கையொப்பமிடுவார்களா என்று கேளுங்கள். குடியேற்றத் திட்டத்துக் காணியாயின் மிகவும் விழிப்பாயிருங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் உத்தரவுப் பத்திரமோ அளிப்போ பெற்ற காணியை, உரிய அதிகாரியின் எழுத்துமூலமான முன்னனுமதியின்றி வாங்கினால், அந்த உறுதிக்குச் செலவிட்ட ஒவ்வொரு சதமும் வீண்.

இரண்டாவது நில அளவை. வடபகுதி உறுதிகளில் காணியின் அளவு பரப்பு, வரகு விதைப்பு என்று எழுதப்படுவதை அறிவீர்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு பத்துப் பேர்ச்சு. உறுதியில் இரண்டு பரப்பு என்றிருக்கும் வளவை அளந்து பார்த்தால் இருபது பேர்ச்சுக்குப் பதிலாகப் பதினேழே இருப்பதுண்டு. வேலி ஒவ்வொரு மாரிக்கும் ஓரங்குலம் நகரும் வித்தையை நம் ஊரில் யார்தான் அறியார்? பேர்ச்சு ஐந்து இலட்சம் என்று பேசியிருந்தால், குறைந்த மூன்று பேர்ச்சுக்கும் பதினைந்து இலட்சம். நில அளவையாளரின் கூலி அதில் ஒரு சிறு பங்கே. இங்கும் சிக்கனத்துக்கு இடமுண்டு. அண்மையில் வரைந்த படம் இருக்குமாயின், அதை வரைந்த உரிமம் பெற்ற நில அளவையாளரையே அழைத்து, எல்லைகள் மாறவில்லை என்று மீளச் சரிபார்த்து எழுதித்தரக் கேளுங்கள். புதிய படத்தைவிட அது குறைந்த செலவில் முடியும்.

மூன்றாவது பதிவு. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு என்ன கூறுகிறது? ஒருவர் ஓர் உறுதியைப் பதியாது விட்டிருக்க, பெறுமதி கொடுத்து அதே ஆதனத்தைப் பின்னர் பெற்ற இன்னொருவர் தமது உறுதியை முறைப்படி முதலிற் பதிவாராயின், பதியாத முன்னைய உறுதி அவருக்கு எதிராகச் செல்லாது. பின்னவர் மோசடி செய்தார் அல்லது கூட்டுச்சதியில் ஈடுபட்டார் என்று காட்டினால் மட்டுமே முன்னவர் தப்புவார். நொத்தாரிசு தம் கடமையாக உறுதியின் இணைப்பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்புவார். அதைப் பதிவு என்று பலர் மயங்குகின்றனர். அஃதன்று பதிவு. மூல உறுதியைக் கட்டணத்தோடு கொடுத்து, உரிய பக்கத்தில் ஏற்றுவித்தலே பதிவு.

நேயர்களே, அம்மானின் வழக்கு இந்தப் பிரிவில்தான் விழுந்தது. இரண்டாவது வாங்கியவர் மோசடி செய்தார் என்று காட்ட அம்மானிடம் சான்று ஒன்றும் இருக்கவில்லை. ஏனெனில் அவர் மோசடி செய்யவில்லை. தம்மால் இயன்ற அளவு தேடிப் பார்த்து வாங்கிய இன்னொரு குடும்பத் தகப்பன் அவர். விற்றவர் மீது பணத்துக்கு வழக்காடலாம் என்றார்கள். அவரோ பணத்தைச் செலவழித்து ஊரைவிட்டே மறைந்திருந்தார். தீர்ப்பு வந்த அன்று மாலை அம்மான் வீட்டு முற்றத்தில், இனி அவருடையதல்லாத அந்த முற்றத்தில், நெடுநேரம் இருந்தார். "தம்பி, நான் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவன். ஒரு சின்னக் கழித்தலைப் பிழையாய்ச் செய்துவிட்டேன்" என்றார். மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

முற்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை பேசியதும் வெள்ளைக் கடதாசியில் ஒரு முத்திரையை ஒட்டிப் பல இலட்சங்களை முற்பணமாகக் கொடுப்போர் உளர். 1840ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனையை மட்டுமன்று, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையையும் நொத்தாரிசு முன்னிலையிலேயே செய்தல் வேண்டும் என்கிறது. அந்த வெள்ளைக் கடதாசியைக் கொண்டு வீட்டை எழுதித்தா என்று கேட்க முடியாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக்கேட்டு அலைவதே மிஞ்சும். ஆகவே சில நாட்களில் உறுதி முடியுமாயின் முற்பணத்தை மிகச் சிறிதாக வைத்து, உடன்படிக்கைச் செலவை மிச்சம்பிடிக்கலாம். மாதக்கணக்கில் தாமதமாகுமாயின், பெருந்தொகை கைமாறுமாயின், நொத்தாரிசு உடன்படிக்கை செய்து அதனையும் பதிதலே அறிவுடைமை.

வங்கிக் கடன் பெறுவோர் இன்னொரு வரிசைச் செலவைச் சந்திப்பர். உரிமையை ஆராயும் சட்டத்தரணிக்கு ஒன்று, பெறுமதி மதிப்பீட்டாளருக்கு ஒன்று, ஈட்டு உறுதிக்கு ஒன்று, காப்புறுதிக்கு ஒன்று. வங்கியின் சட்டத்தரணியே விற்பனை உறுதியையும் எழுத இணங்குவாராயின், ஒரே ஆராய்ச்சிக்கு இருமுறை கூலி கொடுப்பதைத் தவிர்க்கலாம். வீடு உறுதியாவதற்கு முன்னரே இரண்டு மூன்று வங்கிகளுக்கு விண்ணப்பித்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டுக் கட்டணம் கட்டுவது வீண். முதலில் வட்டியையும், எல்லாக் கட்டணங்களின் பட்டியலையும், கடனை முன்கூட்டியே தீர்த்தால் தண்டம் உண்டா என்பதையும் எழுத்திற் கேட்டு ஒப்பிட்டு, ஒரு வங்கியைத் தெரிந்தெடுத்த பின்னரே பணங் கட்டுங்கள்.

தரகர் தொழிலை நான் பழிக்கவில்லை. ஆனால் அவருக்குக் கூலி கொடுப்பது யார் என்பதை முதல்நாளே தீர்த்துக்கொள்ளுதல் வேண்டும். விற்பவரிடமும் வாங்குபவரிடமும் முழுக் கூலி பெறும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நம் கணக்கில் 300,000 ரூபாவைப் பாதியாகப் பகிர இணங்கினாலே 150,000 ரூபா மிச்சம். உறுதி பதியப்பட்ட பின்னரே கூலி என்று பேசிக்கொள்வது மேலும் பாதுகாப்பு.

வடமாகாணத்து நேயர்களுக்குச் சிறப்பாக ஒன்று. தேசவழமை 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டு, 1806ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்கப்பட்டது. பங்குக் காணியை விற்கும்போது பங்காளிகளுக்கும் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் வாங்குவதில் முன்னுரிமை உண்டு என்பதை 1947ஆம் ஆண்டின் முற்கொள்வனவுச் சட்டம் வரையறுத்தது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று பாராமல் வாங்குவோர் பின்னர் வழக்கை வாங்குவர். அவ்வாறே, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசைவற்ற ஆதனத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அது நியாயமா என்பது வேறு விவாதம். வாங்குபவர் அதைப் பற்றி நொத்தாரிசிடம் கேளாது விடுவது ஆகாது. பங்குபிரியாத காணி விலை மலிவாயிருப்பதும் ஒரு தூண்டில். பின்னர் பங்குபிரிப்பு வழக்கின் செலவையும் ஆண்டுகளையும் சேர்த்தால் அந்த மலிவு மறைந்துவிடும்.

இவ்வளவும் கேட்டபின், வீடு வாங்குவதே வேண்டாம் என்று தோன்றுகிறதா? அவ்வாறு எண்ணவேண்டா. சுருங்கச் சொன்னால் விதி எளிது. பேசிக் குறைக்கக்கூடியவை ஆட்களின் கூலிகள். திட்டமிட்டுக் குறைக்கக்கூடியது ஒரே தீர்வையை இருமுறை கட்டும் நிலை. ஒருபோதும் குறைக்கக்கூடாதவை தேடுதலும் அளவையும் பதிவும். வியப்பு என்னவெனில், இம்மூன்றும் சேர்ந்தாலும் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கே ஆகும். நம்மவர் பெரியதைக் கேள்வியின்றிக் கொடுத்துவிட்டுச் சிறியதில் சிக்கனம் காட்டுகின்றனர்.

நான் என் மகளுக்கென ஒரு வீடு வாங்கியபோது உறுதியை அவள் பெயரிலேயே முடித்தேன். நொத்தாரிசிடம் மொத்தத் தொகை பேசினேன். தரகரோடு பாதிக்கு இணங்கினேன். உறுதி முடிந்த மறுநாட் காலையிற் பதிவகம் திறக்குமுன் அதன் வாசலில் நின்றேன். அங்கே கொடுத்த பணமே அந்த வீட்டுக்காக நான் கொடுத்தவற்றுள் மிகக் குறைந்த தொகை. அதைக் கொடுக்கும்போது அம்மானை நினைத்துக்கொண்டேன்.

அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய தகரப்பெட்டி இன்று என்னிடம் இருக்கிறது. அதனுள்ளே, நன்றாக மடித்து, பட்டு நூலாற் கட்டியபடி, பதியப்படாத அந்த உறுதியும் இருக்கிறது. எழுத்தில் ஒரு பிழையில்லை. கையொப்பத்தில் ஒரு குறையில்லை. வீடுதான் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய உறுதி ஏதேனும் உறங்குமாயின், நாளைக் காலையே அதை எடுத்துப் பார்த்துப் பதிவகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள் என்று கேட்டு அமைகின்றேன்.